மக்கு என்று பெயர் வைத்த நான்காவது க்யூபிட்

என் மனைவி குவாண்டம் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் சர்க்யூட் எழுதுகிறாள். நான் வீட்டில் இருக்கிறேன். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர்தான், "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று தினமும் உயிரை வாங்குகிறார்.

அவள் வேலையில் எனக்குப் புரிந்தது கொஞ்சம். அந்தக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் மிகச் சிறிய அலகுக்கு க்யூபிட் என்று பெயர்; அது பூஜ்யமாக இருக்கும், ஒன்றாக இருக்கும், இரண்டும் கலந்தும் இருக்கும். அவர்கள் கருவியில் ஒரு தடவைக்கு இரண்டு க்யூபிட்டைத்தான் தொடலாம். தொடும் முன் எத்தனை ஒன்றுகள் இருந்தனவோ, தொட்ட பிறகும் அத்தனைதான் இருக்க வேண்டும். மேலதிகாரி கேட்டதோ மூன்று க்யூபிட்டை ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் ஒரு செயல். அதுவும் எண்ணிக்கையை மாற்றாது.

"அப்புறம் என்ன, சின்னச் சின்னதா அடுக்கிச் செஞ்சுட வேண்டியதுதானே?" என்று அவர் சொல்லிவிட்டார். ஆய்வகமே அப்படித்தான் நம்பியது. வருட முடிவுக்குள் முடியாவிட்டால் அவளுடைய ஒப்பந்தம் நீடிக்காது. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

ஏழு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். நூறு படி, ஆயிரம் படி போட்டுப் பார்த்தாள். பிழை ஓர் அளவுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுக்கொண்டே கிறுக்கியவள் "அட!" என்று கத்தினாள்.

"என்னம்மா ஆச்சு?"

"இது நடக்கவே நடக்காதுங்க. ரெண்டு ரெண்டா தொட்டா ஒரு கணக்கு எப்பவும் பூஜ்யமாவே நிக்குது. அவர் கேக்குறதுல அது பூஜ்யம் இல்ல. கோடி படி போட்டாலும் வராது. ஏழு மாசமா நான்தான் மட்டின்னு நினைச்சுட்டு இருந்தேன்!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடியாது என்று போய்ச் சொன்னால் வேலை போய்விடுமே!

"இருங்க, மக்கு இருக்கே" என்றாள்.

கருவியில் நான்காவதாக ஒரு க்யூபிட் சும்மா கிடந்தது. மூன்றுக்கான வேலையில் அதற்கென்ன இடம் என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கி, மக்கு என்று பெயரும் வைத்திருந்தார்கள். அதைச் சேர்த்தால், அதே விதிகளுக்குள்ளேயே, அந்தத் தடை விலகிவிடும் என்றாள்.

"மக்குன்னு பேர் வச்சவன் யாரு? வரச் சொல்லு அவனை!" என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம்.

மேலதிகாரி லேசில் நம்பவில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னார். வியாழக்கிழமை ஓட்டினார்கள். பிழை மளமளவென்று இறங்கியது. ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீண்டது.

அவள் வந்து சொன்னபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போர்வையின் ஒரு முனையைப் பிடித்தபடியே கேட்டேன்.

"மக்கு கடைசியில என்னவா இருந்துச்சு?"

"ஆரம்பிச்சப்ப பூஜ்யம். முடிஞ்சப்பவும் பூஜ்யம்."

"அப்ப அது என்னதான் பண்ணுச்சு?"

"கூட இருந்துச்சு" என்றாள், மறுமுனையைப் பிடித்துப் போர்வையை மடித்தபடி. "அது இல்லாம மத்த மூணும் எத்தனை வருஷம் முட்டினாலும் முடிஞ்சிருக்காது."

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல் கேட்டார்.

"வீட்ல இருக்கேன் சார்" என்றேன்.