வெறுங்கையால் வாங்கிய கன்றுகள்

மாட்டுப் பண்ணையில் சின்னம்மாவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் 'கைராசி'தான். "கைராசியக் கூப்பிடுங்க, சினைமாடு முக்குது" என்று கொட்டிலின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தால், சாணி அள்ளிக்கொண்டிருந்த சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். என் அம்மாவின் தங்கை அவள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நான் வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தபோது, "சும்மா சுவரை மொறைச்சுக்கிட்டு இருக்காம என்கூட வாடி" என்று பண்ணைக்குக் கூட்டிப் போனாள். அதனால் நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

நீளமான தகரக் கொட்டில். இரண்டு வரிசையாக மாடுகள், நடுவில் மூத்திரம் ஓடும் சிமெண்டு வாய்க்கால். மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் தோள்வரைக்கும் வரும் ரப்பர் கையுறை தொங்கும். பேறு பார்க்கும்போது போட்டுக்கொள்ளத்தான் வாங்கியது. சின்னம்மா அதைத் தொடமாட்டாள்.

"அதப் போட்டா உள்ள இருக்கிறது காலா தலையான்னே தெரியாது. பாலித்தீன் பையில கையை விட்டு அரிசி பொறுக்கின மாதிரி இருக்கும்" என்பாள்.

சோப்புத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு அப்படியே உள்ளே விடுவாள். கண்ணை மூடிக்கொள்வாள். கன்றின் முன்னங்கால்கள் மடங்கியிருந்தால் மெதுவாக நிமிர்த்துவாள். மாடு முக்கும்போது மட்டும் இழுப்பாள், மாடு ஓய்ந்தால் அவளும் ஓய்வாள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் விழும். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணமாகி வெகுநாளாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை.

தீவனம் கலக்குகிறவருக்கு வாய் சும்மா இருக்காது. "இவ கை பட்டா மாடு கட்டுற முளைக்குச்சிகூட கன்னு போடும்" என்பார். அவள் அந்தப் பக்கம் போனதும் பால் கறக்கிறவரிடம் குரலைத் தாழ்த்தி, "கடவுள் எல்லாத்தையும் கையிலயே வச்சிட்டான் போல" என்றும் சொல்வார். அவளுக்கு அது காதில் விழும். விழாத மாதிரி இருந்துகொள்வாள்.

பண்ணையில் அவளுக்கென்று ஒரு மாடு இருந்தது. செம்மண் நிறம். முன்னங்கால் ஒன்று மட்டும் முட்டிவரைக்கும் வெள்ளை. வெள்ளைக்காலி என்று பெயர். தாய் செத்துப்போன அந்தக் கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்ததே சின்னம்மாதான். அது முதன்முறையாகச் சினையான வருஷம்தான் சந்தையிலிருந்து புதிதாகச் சில மாடுகளை வாங்கி வந்து கொட்டிலில் கட்டினார்கள்.

ஏழாம் மாதத்தில் வெள்ளைக்காலி கன்றைப் போட்டுவிட்டது. உயிரில்லாத கன்று. முடிகூடச் சரியாக முளைக்கவில்லை. அதைக் கொட்டிலின் மூலைக்கு எடுத்துப்போன பிறகும் மாடு அந்த ஈர இடத்தையே முகர்ந்து கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. எதிர் வரிசையில் ஒரு மாடு இரட்டைக் கன்று ஈன்றிருந்தது. ஒன்றை நக்கிச் சேர்த்துக்கொண்டது, மற்றதை முட்டி முட்டித் தள்ளிவிட்டது.

அந்தக் கொட்டிலில் காலம்காலமாகச் செய்துவந்ததைத்தான் சின்னம்மா அன்றைக்கும் செய்தாள். செத்த கன்றின் மேலிருந்த கொழகொழப்பையும் நஞ்சுக்கொடியின் நீரையும் இரண்டு கையாலும் வழித்து எடுத்தாள். வேண்டாமென்று தள்ளப்பட்ட அந்தக் கன்றின் முதுகு, வால், முகம் என்று ஓர் இடம் விடாமல் பூசினாள். வெள்ளைக்காலியின் மூக்குக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

மாடு முகர்ந்தது. கத்துவதை நிறுத்தியது. மறுபடி முகர்ந்தது. அப்புறம் நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்தது.

கன்று தட்டுத்தடுமாறி மடியைத் தேடிப் பிடித்தபோது பால் கறக்கிறவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். தீவனக்காரர்கூட வாயை மூடிக்கொண்டு நின்றார். சின்னம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "பெத்தது இல்லன்னா என்ன, வாசனைதானே" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

நானும் அன்று கைதட்டினேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருப்பாள். பொழுது சாயும்போது உடம்பு கொதிக்கும். பிறகு வேர்த்துக் கொட்டிப் புடவையைப் பிழியலாம் போல ஆகிவிடும். சில நாள் இருக்கும், போய்விடும், மறுபடி வரும். இடுப்பு வலி வேறு. சித்தப்பா டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர். "உனக்கும் எங்கயோ ஓட்டை விழுந்திருக்கு, தண்ணித் தொட்டியில முக்கிப் பாத்தாதான் தெரியும்" என்று கேலி செய்வார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவாள். குனிந்து நிமிர்கிற வேலைதானே, வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னோம்.

நடுவில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. வீடே பூரித்தது. மூன்றாம் மாதத்திலேயே கலைந்தும் போனது. "முதல் கரு, சில பேருக்கு இப்படி ஆகும்" என்றார்கள். அதையும் நம்பினோம்.

வெள்ளைக்காலி மறுபடி சினை பிடித்தது. இந்த முறை மாதம் நிறைந்து, நல்ல கன்றாக ஈன்றது. சின்னம்மாதான் வாங்கினாள், எப்போதும்போல வெறுங்கையால். அன்று முழுக்க அவள் கால் தரையில் படவில்லை.

"பாத்தியாடி? அதுக்கும் போச்சு, எனக்கும் போச்சு. அதுக்கு இப்ப நின்னுடுச்சு. எனக்கும் நிக்கும்" என்றாள். அப்போது அவள் மறுபடி மூன்று மாதம். எங்களைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

கொட்டிலில் வேறு மாடுகளும் மாதம் நிறையாமலே செத்த கன்றுகளைப் போட ஆரம்பித்தன. ஒன்று, அடுத்து இன்னொன்று. முதலாளி பயந்துபோய் மாட்டு டாக்டரம்மாவை வரவழைத்தார். எல்லா மாட்டின் கழுத்திலிருந்தும் ரத்தம் எடுத்த டாக்டரம்மா, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தார். நல்ல வெயிலில் அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள்.

"உங்களுக்கு எத்தனை நாளா இப்படி?"

"எனக்கென்ன டாக்டர், மாட்டப் பாருங்க."

"மாட்டப் பாத்துட்டேன். உங்களத்தான் கேக்கிறேன்."

சின்னம்மா சொன்னாள். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே வந்தவர், "கருவும் கலைஞ்சுச்சா?" என்று கேட்டபோது சின்னம்மாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

மாடுகளின் ரத்தத்திலும் சின்னம்மாவின் ரத்தத்திலும் ஒரே கிருமி. கறக்கிறவருக்கும் இருந்தது. எனக்கு இல்லை. முடிவு தெரிந்த அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

எல்லாக் கிருமியும் எதிரி இல்லை. மாட்டால் தானாகப் புல்லைச் செரிக்க முடியாது. அதன் பெரிய வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து அதைச் செய்துகொடுக்கின்றன. மாடு இடம் கொடுக்கிறது, அவை சோறு போடுகின்றன. ஆனால் இந்தக் கிருமி வேறு மாதிரி. ரத்தத்தில் காவலுக்கு இருக்கிற அணுக்கள் அன்னியக் கிருமியைக் கண்டால் விழுங்கிக் கரைத்துவிடும். இது விழுங்கப்பட்ட பிறகும் கரையாமல் காவலணுவின் உள்ளேயே இருந்து பெருகும்.

"அப்போ திருடன் போலீஸ் ஸ்டேஷன்லயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கான்னு சொல்லுங்க" என்றார் தீவனக்காரர். யாரும் சிரிக்கவில்லை. அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

சினைமாட்டின் கருப்பையில் ஒருவித இனிப்புப் பொருள் ஊறுமாம். இந்தக் கிருமிக்கு அது உயிர். அதுவரை பதுங்கியிருந்தது அங்கே போய்க் கூட்டம் கூட்டமாகப் பெருகும், கன்று செத்து விழும். அந்த நீரிலும் நஞ்சிலும்தான் கிருமி மிக அதிகம். ஒரு தடவை இப்படிச் செத்த கன்றைப் போட்ட மாடு அடுத்த தடவை நல்லபடியாகவே ஈனலாம். பார்த்தால் நோயே தெரியாது. ஆனாலும் ஈனும்போது கிருமி கொட்டும், பாலிலும் வரும்.

சின்னம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"அப்ப அந்தத் தண்ணிய நான் கன்னுக்குட்டி மேல பூசினது?"

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, "உங்களுக்குத் தெரியாதும்மா. கையில சின்னக் கீறல் இருந்தாலே போதும்" என்றார்.

"அந்தக் கிருமிக்கு நான் எதுக்கு? மாடு இருக்கே, அங்கயே இருந்துக்க வேண்டியதுதானே?"

"அதுக்கு உங்ககிட்ட ஒரு வேலையும் இல்ல. மனுஷங்ககிட்ட வந்தா இன்னொருத்தருக்கு அது போறதே அபூர்வம். வழி தவறி வந்ததுதான். வந்த இடத்தோட அதுக்கும் முடிஞ்சிடும்."

ஒரு லாபமும் இல்லாமல் ஒருத்தியை இப்படிச் செய்ய முடியும் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தக் கிருமிக்குச் சின்னம்மாமேல் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை.

வயிற்றில் குழந்தை இருந்ததால் வழக்கமாகக் கொடுக்கும் மருந்தைக் கொடுக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் வேறு மாத்திரைகள் கொடுத்தார்கள். வாரக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். குழந்தை நிற்குமா என்று சித்தப்பா கேட்டார். "நிக்கலாம். முயற்சி பண்றோம்" என்றார்கள். மாத்திரை குமட்டும். வாந்தி எடுத்தால் மருந்து வீணாகுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பாள். காய்ச்சல் நின்றது. நாலாம் மாதம் கழிந்தது. ஒருநாள் மத்தியானம் என் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்து, "மீன் திரும்பின மாதிரி இருக்கு பாரு" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஆமா சின்னம்மா" என்றேன்.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயத்தில் குழந்தை போய்விட்டது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பண்ணையிலிருந்து தீவனக்காரர் வந்து வாசலிலேயே நின்றார். நோயுள்ள மாடுகளைக் கொண்டுபோக லாரி வந்திருக்கிறதாம். போனால் அவை திரும்பாது. மற்றதெல்லாம் ஏறிவிட்டது, வெள்ளைக்காலி மட்டும் காலை ஊன்றிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. அடிக்கிறார்கள்.

"நீ வந்தா ஏறிடும் தாயி. கேக்கவே நாக்கு கூசுது" என்றார்.

"இப்ப இவ எழுந்து நடக்கிற நிலைமையா? போய்யா" என்று அம்மா சீறினாள். சின்னம்மா அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

லாரியின் பின்பக்கம் பலகை சாய்த்திருந்தது. வெள்ளைக்காலியின் விலாவில் தடித்த கோடுகள். சின்னம்மா கம்பு வைத்திருந்தவனைப் பார்த்து, "தள்ளி நில்லு" என்றாள். பண்ணையில் கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டாள். கயிற்றைத் தளர்த்தி, மாட்டின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பலகையில் அவள் முன்னால் ஏறினாள். மாடு பின்னாலேயே ஏறியது. உள்ளே கட்டிவிட்டு இறங்கி வந்தவள் லாரி கிளம்பும்வரை நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். சித்தப்பா சாப்பாட்டுக்கு வந்தவர், அம்மா சொல்லித் தெரிந்துகொண்டு, கையில் டயர்க் கறையோடு அவள் எதிரே உட்கார்ந்தார். நான் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய் வைத்தேன். குழந்தை போனபின் வேறு மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"டாக்டர் என்ன சொல்றாங்கன்னா, மருந்து முழுசா முடியட்டும், ரத்தம் சுத்தமாயிடுச்சுன்னா அடுத்த தடவை…" என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"அடுத்தத விடுங்க" என்றாள் சின்னம்மா. "எல்லாரும் அடுத்தது அடுத்ததுன்னுதான் சொல்றீங்க. இந்தப் புள்ளையப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல."

சித்தப்பா விரல் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நான் பாத்தேன்" என்றார்.

"என்னது?"

"நர்ஸம்மா துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாங்க. நான்தான் நிறுத்திக் காட்டச் சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீயும் கேக்கல."

"இப்பக் கேக்கிறேன். சொல்லுங்க."

அவர் கையை நீட்டி, உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இவ்வளவு இருந்துச்சு. பொண்ணு."

"கண்ணு?"

"மூடித்தான் இருந்துச்சு."

"யாரு ஜாடை?"

"உன் ஜாடைதான். நெத்தியச் சுருக்கி, யாரையோ திட்டப் போற மாதிரி."

சின்னம்மாவின் தொண்டையிலிருந்து சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. அதற்குப் பின்னாலேயே அழுகை வந்தது. சித்தப்பா எழுந்திருக்கப் பார்த்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இன்னும் சொல்லுங்க" என்றாள்.

அவரிடம் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. அதனால் முதலிலிருந்து மறுபடி சொன்னார்.