உப்புப் பார்க்க ஒரு ஆள்

ஆனைக்குட்டம் அணைக்கரைக்குக் கீழே இருக்கிற அந்தத் தெருவில், வெள்ளைத்தாய் வீட்டு மீன்குழம்புக்கு இருந்த மரியாதை ஊரில் எந்தப் பெரிய மனிதருக்கும் இருந்ததில்லை. அவள் அடுப்பில் புளி கொதிக்கிற வாசனை கிளம்பினால் எதிர்வீட்டுக் கற்பகவல்லி வாசலுக்கு வந்துவிடுவாள். காலையில் போட்ட கோலத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீட்டுப் பாலம்மாளுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. குட்டைச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மதினி, இன்னைக்கு என்ன மீனு?" என்று கேட்டுவிடுவாள்.

இருவர் வீட்டுக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணத்தில் குழம்பு போகும். மறுநாள் அந்தக் கிண்ணத்தில் ஏதாவது ஒன்று திரும்பி வரும். அவியல், வத்தக்குழம்பு, ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு முருங்கைக்காய். வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்புகிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை.

பாலம்மாள் ஒரு நாளும் குழம்பை மெச்சியதில்லை. "காரம் ஒரு மாத்து கூடத்தான் மதினி" என்பாள். "புளி இன்னும் ரெண்டு கொதி கொதிச்சிருக்கணும்" என்பாள். சொல்லிக்கொண்டே விரலால் கிண்ணத்தைத் துடைத்து நக்குவாள். அந்தக் குறையைக் கேட்கத்தான் வெள்ளைத்தாய் காத்துக்கொண்டிருப்பாள். அது வரவில்லை என்றால் பாலம்மாளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் தொண்டையில் கட்டி வருவதற்கு முந்தைய கதை. வெள்ளைத்தாய் அப்போது பட்டாசுக் கம்பெனிக்குத் திரி வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். எச்சில் விழுங்க முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனாள். மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே அவள் கழுத்துக்குக் கரண்டு, கதிர்வீச்சுத்தான், வைத்தார்கள். கட்டி கரைந்தது, உயிர் மிஞ்சியது. கூடவே நாக்கும் செத்துப்போனது. சர்க்கரையும் மண்ணும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. கொஞ்ச மாதத்தில் ருசி திரும்பிவிடும், சிலருக்கு வராமலும் போகும் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சிலரில் இவளும் ஒருத்தியானாள். அப்படி என்ன பாவம் செய்தாளோ தெரியவில்லை.

மூக்கு மட்டும் உயிரோடு இருந்தது. அதுதான் பெரிய கொடுமை. தாளிக்கிற வெங்காயம் மணக்கும், நல்லெண்ணெய் மணக்கும், வாயெல்லாம் ஊறும். எடுத்து வாயில் வைத்தால் ஈரத்துணியைச் சப்புவதுபோல இருக்கும். முதல் முறை அப்படி ஆனபோது அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகிற சத்தம் கேட்டு வந்த அவள் புருஷன் சோலைமலை, சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒரு கரண்டிக் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினான்.

"உப்பு பத்தல வெள்ளை" என்றான். "ஒரு கை போடு."

அதிலிருந்து அவன் நாக்குதான் அவளுக்கு நாக்கு. காரத்தை நிறத்தில் கண்டுபிடித்துவிடுவாள். புளியின் கெட்டி கைக்குத் தெரியும். மீன் வெந்ததைக் கொதிக்கிற சத்தமே சொல்லிவிடும். உப்புக்கு மட்டும் நிறமும் இல்லை, சத்தமும் இல்லை. கரண்டியால் அளந்து போடலாமே என்று கேட்பவர்கள் கேட்கலாம். அளந்து போடுகிறவளாக இருந்தால் தெரு எதற்கு அவள் வாசலில் வந்து நிற்கப்போகிறது? ஒரு நாள் விரால் கிடைக்கும், ஒரு நாள் ஜிலேபிக் கெண்டை. புளியும் ஒரு நாளைப்போல ஒரு நாள் இருக்காது. அவள் உப்பு போட்ட பிறகு சோலைமலை தண்ணீர் குடிக்க வருகிறவன்போல உள்ளே வருவான். அவள் ஒரு சொட்டை அவன் உள்ளங்கையில் விடுவாள். அவன் சொல்வான். அதற்குப் பிறகுதான் கிண்ணங்கள் வெளியே போகும்.

நாக்கு செத்ததை அவள் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் எல்லாரும் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். குடத்தைத் தூக்கினால் ஓடிவந்து வாங்கினார்கள். அவள் பழைய வெள்ளைத்தாயாக நடக்க முடிந்தது குழம்புக் கிண்ணத்தோடு தெருவைக் கடக்கிற அந்த நேரத்தில்தான். அதையும் கொடுத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

சோலைமலைக்கு வானம் பார்த்த பூமி கொஞ்சம் இருந்தது. அணையில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் பரிசலில் போய் வலை போடுவான். தண்ணீர் வற்றிவிட்டால் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளில் லோடு ஏற்றப் போவான். மூன்றில் அவனுக்குப் பிடித்தது பரிசல் ஒன்றுதான். தை மாதம் வாடைக்காற்று வீச ஆரம்பித்தால் அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். வெள்ளைத்தாயின் பழைய சேலை ஒன்றை இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே கட்டி, பரிசலில் பாய்போல நிறுத்திவிடுவான். பரிசல் என்பது வட்டமான சாமான், தன் இஷ்டத்துக்குச் சுற்றும். அவன் துடுப்பைப் பின்னால் ஊன்றி அதைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்வான். சேலை புடைத்துக்கொண்டு இழுக்கும். கரையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவனுக்கு அதெல்லாம் காதில் விழாது.

போன தை மாதம், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவளையும் ஏற்றிக்கொண்டு போனான். மண்சட்டி, அரைத்த மசாலா, புளி, தக்காளி, உப்பு எல்லாம் அவள் மடியில். ஒரு கம்பை அவள் பிடித்துக்கொண்டாள். காற்று சேலையை நிறைத்தபோது அவள் கையும் சேர்ந்து அதிர்ந்தது. தண்ணீர் அடியில் சலசலவென்று ஓடியது. கழுத்தில் கறுத்துப்போன தோலில் காற்று பட்டு ஜில்லென்று இருந்தது. கட்டி, கரண்டு, ஆஸ்பத்திரி நாற்றம் எல்லாம் கரையில் நின்றுவிட்டதுபோல அவளுக்குத் தோன்றியது. சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அக்கரையில் மூன்று கல் கூட்டிக் குழம்பு வைத்தாள். அவன் உள்ளங்கையை நீட்டினான். நக்கினான்.

"உப்பு கூட. ரெண்டு தக்காளியப் பிசஞ்சு விடு."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவ்வளவு நல்ல நாளைக் கெடுத்துவிட்டானே என்று இருந்தது.

"ஒரு நாளாச்சும் நல்லாருக்குன்னு சொல்றீகளா நீங்க? வாயில என்ன கொளுக்கட்டையா இருக்கு?"

சோலைமலை அசரவில்லை. தக்காளியை எடுத்து அவனே பிசைந்தான்.

"நல்லாருக்குன்னு சொல்றதுக்கு ஊரே இருக்கு. அதுக்கு நான் எதுக்கு?"

சித்திரையில் அணை வற்றியது. அவன் லோடு ஏற்றப் போனான். ஒரு மத்தியானம் அவள் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு, சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொன்னவனுக்காகக் காத்திருந்தாள். பக்கத்தில் எங்காவது வெடித்தால் தெருப் பெண்களெல்லாம் வெளியே வந்து புகை எந்தத் திசை என்று பார்ப்பார்கள். ஏழாயிரம்பண்ணைச் சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது. போன்தான் வந்தது. வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது வெடித்தது என்றார்கள். உரசலா, வெயிலா என்று தெரியவில்லை என்றார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் அவளைத் தடுத்துவிட்டார்கள். அடுப்பில் இருந்த குழம்பை யார் கொட்டினார்கள் என்று அவளுக்கு இன்று வரை தெரியாது.

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று தெரு அவளுக்கு ஆக்கிப் போட்டது. பாலம்மாள் சோறு கொண்டு வருவாள், கற்பகவல்லி ரசம் கொண்டு வருவாள். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் கீர்த்திகா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவாள்.

"நாக்குல ஒண்ணும் தெரியல" என்றாள் வெள்ளைத்தாய்.

இத்தனை நாள் மறைத்து வைத்த உண்மையைக் கூட்டத்தின் நடுவே உரக்கச் சொன்னாள். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. பாலம்மாள் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அப்படித்தான் இருக்கும் மதினி. துக்கம் ஆறினா தன்னால சரியாயிரும்" என்றாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வெள்ளைத்தாய் அடுத்த வாய்ச் சோற்றை வாங்கிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகளும் ஊருக்குப் போனாள். கூட வரச் சொல்லிக் கெஞ்சினாள். இவள் போகவில்லை. வீடு காலியாக இருந்தது. பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டில் ருசி இல்லை, பேச ஆள் இல்லை, எதற்காக எழுந்து பல் விளக்க வேண்டும் என்றே தெரியவில்லை.

மழைக்குப் பிறகு அணையில் தண்ணீர் வந்தது. சோலைமலையோடு வலைக்குப் போய்க்கொண்டிருந்த பாலகுரு இப்போது அந்தப் பரிசலை வைத்திருந்தான். ஒரு நாள் காலையில் ஐந்தாறு ஜிலேபிக் கெண்டைகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான்.

"மச்சான் பங்குன்னு வச்சுக்கோங்கக்கா. ஒங்க கையால கொளம்பு தின்னு எம்புட்டு நாளாச்சு."

அவள் மீன்களைப் பார்த்தாள். எழுந்தாள். மசாலா அரைத்தாள். உப்பு போடும்போது மட்டும் கை நின்றுவிட்டது. பழைய பழக்கத்தில் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஏதோ ஒரு கணக்கில் அள்ளிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னும் கொஞ்சம் போட்டாள். கிண்ணங்கள் போயின. மறுநாள் நிறைந்து திரும்பி வந்தன.

"பிரமாதம் மதினி" என்றாள் பாலம்மாள்.

வெள்ளைத்தாய்க்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த முறையும் பாலம்மாள் பிரமாதம் என்றாள். அதற்கடுத்த முறையும் அப்படியே. காரம் கூட என்று சொல்லவில்லை, புளி பத்தவில்லை என்று சொல்லவில்லை. பாலம்மாளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். பிறகு எதற்கு இப்படிச் சொல்கிறாள்? அந்தக் கேள்வி வெள்ளைத்தாயின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் குத்தியது, படுத்தால் குத்தியது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். பாலகுரு அடுத்து மீன் கொண்டுவந்த அன்று உப்புச் சாடியைத் தூக்கி மேல் தட்டில் வைத்துவிட்டாள். கை மறந்துபோய்கூட அந்தப் பக்கம் போய்விடக்கூடாது. மீனை உரசிக் கழுவக்கூட உப்பு எடுக்கவில்லை. ஒரு கல் உப்பு இல்லாமல் குழம்பு கொதித்தது. எண்ணெய் மிதந்து, நிறம் கூடி, பார்க்கிறவர்கள் வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி இருந்தது.

மூன்று கிண்ணங்களில் ஊற்றினாள். ஒரே ஒருவர் போதும். யாராவது ஒருவர், "என்ன இது, உப்பே இல்ல?" என்று கேட்டுவிட்டால், அந்த ஆளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். என் நாக்கு செத்துப்போச்சு, இனிமேல் நீ எனக்கு உப்புப் பார்த்துச் சொல்லு என்று கேட்டுவிடுவாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். கிண்ணங்களைக் கொடுத்தாள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரம் வரை பொறுத்திருந்து, தானே ஒவ்வொரு வீடாகப் போனாள்.

முதலில் கற்பகவல்லி. "ஒங்க கைப்பக்குவம் யாருக்கு அத்தை வரும்? வீட்ல எல்லாரும் சட்டியோட கேக்காக" என்றாள். சொல்லும்போது இவள் முகத்தைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

பாலகுரு கை கழுவிக்கொண்டு வந்தான். "மச்சான் இருந்தா இன்னும் ரெண்டு வாய் கேட்டிருப்பாருக்கா" என்றான்.

பாலம்மாளைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அவள்மீதுதான் நம்பிக்கை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, நேராகவே கேட்டாள்.

"மதினி, உள்ளதச் சொல்லுங்க. உப்பு எப்படி இருந்துச்சு?"

பாலம்மாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். வெறும் கழுத்தையும் கருகிய தோலையும் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் அளவா இருந்துச்சு மதினி. ஒரு கொறையும் இல்ல."

வெள்ளைத்தாய் வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவர்கள்மீது கோபப்பட முயன்றாள், முடியவில்லை. கெட்டவர்களாக இருந்தால் சண்டையாவது பிடிக்கலாம். இத்தனை நல்லவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நல்லாருக்குன்னு சொல்றதுக்கு ஊரே இருக்கு என்று அவன் சொன்னது காதில் கேட்டது. ஊர் அப்படியே இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அழுது முடித்து, சட்டியில் மீதி இருந்த குழம்பைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினாள். தெருவில் கொட்டினால் பாலம்மாள் பார்த்துவிடுவாள்.

மறுநாள் மத்தியானம் கிண்ணம் சுவரைத் தாண்டி வந்தது. பாலம்மாள் வைத்த வத்தக்குழம்பு. கமகமவென்று மணத்தது. வெள்ளைத்தாய் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். ஈரத்துணிதான். மீதியை வாயில் திணித்து விழுங்கினாள், கிண்ணத்தைக் கழுவினாள்.

சாயங்காலம் பாலம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"கொளம்பு எப்படி மதினி இருந்துச்சு? இன்னைக்குக் கொஞ்சம் கை தவறிப்போச்சோன்னு பாத்தேன்."

வெள்ளைத்தாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருந்துச்சு மதினி" என்றாள். "உப்பு, காரம் எல்லாம் அளவா இருந்துச்சு."

பாலம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விளக்கேற்றுகிற நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.