போனில் ஒட்டிய தங்க வட்டம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் தண்ணீர் விழும் பீலியடியில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். தண்ணீர் பிடிக்கப் போகும் பெண்கள் போனையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய், அங்கிருக்கும் கொய்யா மரத்தில் தொங்கவிடுவார்கள். எந்தப் பை அலறுகிறதோ, அந்தப் பைக்காரி ஓடிவருவாள். போனுக்கு அலை போதவில்லை என்பதுதான் எங்கள் குறையே.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை டை கட்டிய ஒருவன் வந்தான். போனிலிருந்து வரும் அலைகள் மூளையைத் தின்றுவிடுமாம். அவன் விற்கும் ஸ்டிக்கரை ஒட்டினால் ஓர் அலையும் அண்டாதாம். நான் கந்தப்பளைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் மனைவியின் போனில் தங்க நிறத்தில் ஒரு வட்டம் மின்னியது.

எனக்கு வந்ததே கோபம்.

"அலையே அண்டாதுன்னா மக கோல் எடுத்தா எப்புடி வரும்? அதுவும் அலையிலதானே வருது?"

அவள் முகம் சுருங்கிப்போனது. நகத்தால் சுரண்டினாள், ஸ்டிக்கர் அசையவில்லை. கொழும்பில் வேலை செய்யும் மகள் ஞாயிறு சாயங்காலம்தான் பேசுவாள். அன்றைக்கு என் மனைவி குடம்கூட எடுக்காமல் பீலியடிக்குப் போய், பையை மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் கூடப் போய் நின்றேன்.

பை அலறியது. மகள்தான். பக்கத்தில் நின்று பேசுவதுபோல் குரல் தெளிவாகக் கேட்டது.

பேசி முடித்ததும் என் மனைவி போனை முந்தானையில் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"நல்ல வேளைங்க, அந்தாளு நம்மள ஏமாத்திட்டான்."