சட்டை முதுகில் ஜோஸ்வின்

தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் வந்து நின்றால் எல்லோரும் காலி இடம் தேடுவார்கள். கெசியா முதுகுகளைத் தேடுவாள். பெண்கள் பெட்டி கண்ணெதிரே நின்றாலும் ஏறுவது பொதுப்பெட்டியில்தான். கல்லூரிப் பையன்கள் அதில்தானே வருகிறார்கள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு டீ-சர்ட்டாகப் பார்த்தபடி நகர்வாள். "மாப்பிள்ளை பாக்கற மாதிரியே பாக்கறீங்கக்கா, எவனாவது கேட்டுடப் போறான்" என்பாள் அனுப்பிரியா. இருவருக்கும் காட்டாங்குளத்தூரில் ஒரே கல்லூரி அலுவலகம். கெசியா சிரிக்க மாட்டாள். "கேட்டா கேக்கட்டும். என் படம் எங்கயாவது கண்ல படுதான்னு பாக்கறேன்."

படம் வரைவது சின்ன வயதுப் பழக்கம். அதை இணையத்தில் கடையாக்கிக் கொடுத்தவள் அனுப்பிரியாதான். வினோதமான கடை அது. கெசியா படத்தை மட்டும் ஏற்றிவைப்பாள். யாராவது கேட்டால், அவள் பார்த்தேயிராத ஏதோ ஒரு கிடங்கில் அதைச் சட்டையிலோ கோப்பையிலோ அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். வாங்கியவர் பெயர்கூட அவளுக்கு வராது, ஊர் மட்டும் வரும். தான் விற்கும் சரக்கை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காத வியாபாரியை வேறெங்கே பார்ப்பது?

கேபிள் வயரில் காக்கை, கோவிலம்பாக்கத்து எருமைகள், மழையில் நிற்கும் ஆட்டோ என்று அவள் ஆசையாக வரைந்ததெல்லாம் அங்கே தூங்கிக் கிடக்கிறது. போணியாவது ஒன்றே ஒன்று. ஓடும் ரயிலின் வாசலில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சட்டை காற்றில் உப்ப, வெளியே சாய்ந்து நிற்கும் ஒரு பையன். முகம் தெரியாது. சட்டையின் முதுகுப்பக்கம் பெரிதாக அச்சாகும் படம். "செம மாஸ்" என்று வாங்கியவர்கள் கடையில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அந்தப் பையன் அவளுடைய தம்பி ஜோஸ்வின். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மின்கம்பம் அவனை அடித்துப் போட்டது. "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்க்கா" என்று பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து போனவன்தான். அவள் கடைசியாகப் பார்த்தது அந்த முதுகை. மறந்துவிடுமோ என்ற பயத்தில் வரைந்தாள். தனக்கென்று ஒரு சட்டை மட்டும் வாங்கவில்லை. வாங்கினால் துவைக்க வேண்டும், கொடியில் போட வேண்டும். அதை அம்மா பார்க்க வேண்டும்.

அம்மா ரத்தினபாய்க்குப் போன மாதம் விஷயம் தெரிந்துவிட்டது. யாரோ சர்ச்சில் போனில் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "அவனேதாண்டி" என்றாள். பிறகு, "இதைப் போட்டுக்கிட்டு யார் வீட்டுப் பிள்ளையாவது அப்படி நின்னா?" என்று கேட்டாள். அன்றைக்கே கெசியா படத்தைக் கடையிலிருந்து எடுத்துவிடத்தான் உட்கார்ந்தாள். நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. இந்த உலகத்தில் அவன் விழாமல் நின்றுகொண்டிருக்கும் ஒரே இடம் அதுதான். கை வரவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டாள். மறுநாளிலிருந்துதான் பொதுப்பெட்டியும் இந்தத் தேடலும். கண்ணில் பட்டால் என்ன செய்வாள் என்பது அவளுக்கே தெரியாது.

சென்ற செவ்வாய்க்கிழமை பட்டது. வண்டலூரில் கூட்டம் கொஞ்சம் இறங்கியதும் வாசல் தெரிந்தது. கறுப்புச் சட்டை, அதன் முதுகில் ஜோஸ்வின். போட்டிருந்த பையனும் படத்தில் உள்ளபடியே ஒற்றைக் கையில் வெளியே சாய்ந்து நின்றான்.

"தம்பி, உள்ள வாங்க" என்றாள். குரல் காற்றோடு போயிற்று. வெளியே கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. யார் காலையோ மிதித்துக்கொண்டு போய், அந்தச் சட்டையின் முதுகைப் படத்தோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அவள் நினைத்திருந்ததைவிட மெல்லிய துணி.

பையன் தடுமாறி உள்ளே வந்தான். "இன்னாக்கா நீ, வுடு. புதுச் சட்டை, கிழிஞ்சிடப் போவுது."

"கிழியட்டும்பா."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் உள்ளேயே நின்றுகொண்டான். ஊரப்பாக்கம் வந்தது, போயிற்று. பொத்தேரியில் ரயில் முழுதாக நின்று, அவன் இரண்டு காலையும் பிளாட்பாரத்தில் வைத்த பிறகுதான் கெசியா விரல்களைப் பிரித்தாள்.