ஒன்பதாம் பக்கத்து ஆமை

எங்கள் இளைய மகள் சரளமாக வாசிப்பாள் என்றே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. மாலையில் புத்தகத்தை மடியில் விரித்து, வரிக்கு அடியில் விரலை நகர்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிப்பாள். உரக்கடையிலிருந்து திரும்பும் அவள் அப்பா, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்பார். "வாத்திச்சி பிள்ளைல்லா, அப்படித்தான் வாசிக்கும்" என்பார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எனக்கும் அந்தப் பேச்சு இனித்தது. அதே புத்தகத்தை மூத்தவள் முன்னதாக அவளுக்கு இரண்டு மூன்று முறை வாசித்துக் காட்டிவிடுவாள். அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

சேரன்மகாதேவியில் அவள் படித்த பள்ளியில், வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்பு கதைப் புத்தகங்களுக்கு உரியது. ஒரு புத்தகத்தை வாசித்த பிள்ளை முன்னால் வந்து, அது எப்படி என்று சொல்லி, மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதைக் கேட்டுப் புத்தகத்தை எடுத்துச் சென்றவர், பின்னட்டைக்குள் ஒட்டிய தாளில் பதில் எழுத வேண்டும். வாசிக்காதவர் பரிந்துரைக்கக் கூடாது என்பது பிள்ளைகளே வைத்த விதி. அந்த ஒரு வகுப்புக்காகவே என் மகள் வாரம் முழுவதும் காத்திருப்பாள்.

அந்த ஆண்டு மூத்தவளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. தங்கைக்கு வாசித்துக் காட்ட நேரமில்லாமல் போயிற்று.

பெற்றோரும் வரலாம் என்று அழைத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முந்தைய வாரம் என் மகள் பரிந்துரைத்த புத்தகத்தோடு ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், இவ பொய் சொல்லுதா. ஆத்துல ஆமை வரும்னு சொன்னா. ரெண்டு தடவ வாசிச்சிட்டேன். கொக்குதான் வருது. ஆமையே கெடையாது."

"இருக்குட்டி. ஒம்பதாம் பக்கம், படிக்கட்டுக்குக் கீழ பாரு" என்றாள் என் மகள்.

"அது கல்லுட்டி."

"கல்லுக்குக் கண்ணு இருக்குமா? ஒனக்குத்தான் கண்ணு இல்ல."

வகுப்பு சிரித்தது. ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆமா, ஆமைதான்" என்றார். படம் வரைந்தவர், கதையில் இல்லாத ஓர் ஆமையைத் தண்ணீருக்குள் பாதி மறைத்து வைத்திருந்தார். "சரி, அந்தப் பக்கத்த வாசிச்சுக் காட்டும்மா."

என் மகள் முதல் வரிக்கு அடியில் விரலை வைத்தாள். விரல் நகரவில்லை. தலை நிமிராமலே சொன்னாள்: "இந்தப் புக்க அக்கா வாசிச்சுத் தரல டீச்சர்."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிறுமி மட்டும் கேட்டாள்: "அப்போ இவ இனிமே சொல்லக்கூடாதுல்லா?"

"அந்த ஒரு பக்கத்த வாசிச்சிட்டுச் சொல்லட்டும்" என்ற ஆசிரியை, என் மகளிடம் புத்தகத்தைக் கொடுத்தார். "பைய வாசி. அவசரமில்ல."

வீடு திரும்பும் வழியில் அவள் பேசியது ஒன்றுதான்: "அப்பாட்ட சொல்லிராதம்மா." ஊரார் பிள்ளைகளின் விடைத்தாளில் விடுபட்ட புள்ளியைக்கூடக் காணும் நான், என் வீட்டில் நகர்ந்த அந்த விரலைச் சரியாகப் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்தில் ஏழு வரிகள். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில் ஒரு சொல் மட்டும் தெரியும்படி துளை வெட்டினேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் இருவரும் உட்கார்ந்து, அதை வரிமேல் நகர்த்தி ஒவ்வொரு சொல்லாக வாசித்தோம். மனப்பாடம் ஆகிவிடாதிருக்கச் சில நாள் கடைசி வரியிலிருந்து தொடங்கினோம். கோபித்துக்கொண்டு எழுந்துபோன நாள்களும் உண்டு. மூன்று வெள்ளிக்கிழமைகள் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

நான்காம் வெள்ளியன்று மாலை புத்தகத்தோடு ஓடிவந்து பின்னட்டையைத் திறந்து காட்டினாள். "ஆமை இல்லை" என்று அந்தச் சிறுமி முன்பு எழுதியிருந்தது அடிக்கப்பட்டிருந்தது. அதன்கீழ் அதே கையெழுத்தில், "ஆமை உண்டு. இவள் வாசித்தாள். இரண்டு இடத்தில் திக்கினாள்." அப்பா வந்ததும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அந்தப் பக்கத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

மூத்தவள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அந்தச் சிறுமியின் குடும்பம் டவுணுக்குக் குடிபோய்விட்டது. மாலையில் எங்கள் வீட்டில் வாசிப்பவள் இளையவள். கேட்பதற்கு நானும் அவள் அப்பாவும் இருக்கிறோம்.