மூன்றாவது பிள்ளைக்கு ஒரு புள்ளிக்கோடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாற்பது நாள் யோசித்தேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றிவிட்டேன். எண்ணிப் பார்த்தால் ஏழு இடங்கள். எட்டாவதாக ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்ற பயம் இப்போதும் இருக்கிறது.

முப்பத்தொரு வருடம் ஒரே கேள்வியின் பின்னால் அலைந்தவன் நான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு எல்லாம் ஏன் சில குடும்பங்களை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கின்றன என்பது அந்தக் கேள்வி. ஒரே ஒரு கெட்ட மரபணு செய்கிற வேலை இல்லை இது. கடுகளவு வித்தியாசங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து செய்கிற வேலை. அதனால் எங்கள் தொழிலில் எண்ணிக்கைதான் எல்லாம். நிறைய வீடுகள், நிறைய ரத்தம். மயிலாப்பூர் மாடவீதிகளில் குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறியிருக்கிறேன். தியாகராய நகரில் ஒரு துணிக்கடைக்காரர் வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுக்க மாட்டேன் என்றார். செவ்வாயும் சனியும் ஆகாது என்றார். மிச்சமிருந்த நான்கு நாளும் கடையில் கூட்டம்.

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் ஒரு குடும்பப் படம் வரைவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்துபோனவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு நேர்க்கோடுகள் இறங்கும்.

நான் ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தபோது பட்டினப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். மீன் விற்கும் அம்மா ஒருவர். அவருடைய கணவர் நாற்பத்து நாலு வயதில், கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். பிள்ளைகள் மூவர்: மூத்தவன், அடுத்து ஒரு பெண், கடைசியாக இருபத்து நாலு வயதில் ஒருவன். நான்கு பேரிடமும் ரத்தம் எடுத்தோம். படத்தைப் பார்த்த அந்த அம்மா, "அவரும் இதுல கீறாரு இல்ல? எனக்கு ஒரு காப்பி எட்த்துக் குடு சார்" என்று கேட்டார். தருகிறேன் என்றேன்.

ஆய்வகத்தில் குழாய்கள் மாறிவிட்டனவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மரபணுவில் நாற்பத்தெட்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைக்கு இரண்டு எழுத்துகள். அதில் ஒன்று தாயிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும். மூத்தவனுக்கும் பெண்ணுக்கும் நாற்பத்தெட்டும் பொருந்தின. கடைசிப் பையனுக்கு ஒன்பது இடங்களில் பொருந்தவில்லை. குழாய் மாறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், அப்படி இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். உபரியாக வைத்திருந்த ரத்தத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். அதே ஒன்பது.

அந்த அம்மா அவனைப் பெறவில்லை.

பென்சிலை எடுத்தேன். என் மேசையில் இருந்த படத்தில், அவனுக்கு இறங்கிய கோட்டை அழித்துவிட்டுப் புள்ளிக்கோடாகப் போட்டேன். சந்தேகம் என்பதற்கு அது என் வழக்கமான குறி. வேறு தாளில் போட்டிருக்கலாம். போடவில்லை. தவறு அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்தப் படத்தைத் தேடினேன். வீடுகளுக்குப் போய்வரும் எங்கள் களப்பணியாளர் அம்மையார் சாதாரணமாகச் சொன்னார்: "அப்பவே உங்க மேசையிலேர்ந்து எடுத்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துட்டேனே சார். நீங்கதான தர்றேன்னீங்க? லேமினேட் பண்ணி மாட்டிட்டாங்களாம்."

அடையாற்றில் இருந்த ஆய்வகத்திலிருந்து பட்டினப்பாக்கத்துக்குப் பஸ்ஸில் போகும்போது என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நூற்று நாலு. அந்தப் புள்ளிகளுக்கு யாராவது அவர்களிடம் அர்த்தம் சொல்லியிருப்பார்களா? ஒரு பையனுக்கு அவன் இந்த வீட்டில் பிறந்தவன் இல்லை என்பதைச் சுவரில் மாட்டிக் காட்டியவன் நான்தானா? இதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை.

மாதா படத்துக்கும் மாலை போட்ட கணவரின் போட்டோவுக்கும் நடுவில் என் படம் தொங்கியது. பளபளவென்று லேமினேஷன். அந்த அம்மா கீழே உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பையன் சுவரில் சாய்ந்திருந்தான்.

"வா சார், குந்து" என்றான். "நீயே வந்துட்ட. எனக்கு எவ்ளோ நாளு, சொல்லு."

எனக்குப் புரியவில்லை.

"அப்பாவுக்குக் குறுக்க கோடு. அவரு பூட்டாரு, கரீட்டு. அண்ணனுக்கும் அக்காவுக்கும் நேர்கோடு. எனக்கு மட்டும் புள்ளி புள்ளியா வச்சிக்கீற. அட்த்தது நான்தானே?"

வாசலில் தட்டிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மூத்தவன் சிரித்தான். "பதினோரு நாளா போட் பக்கம் வர்ல சார். இழுடான்னா நெஞ்சைப் புட்சிக்கினு குந்திக்கிறான். சோம்பேறிக்கு நல்லா சாக்கு குட்த்த."

பையன் சிரிக்கவில்லை. முகத்தில் நான்கைந்து நாள் தாடி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எந்தப் பயத்தோடு வந்தேனோ அது இறங்க, வேறு பயம் ஏறியது. உண்மையைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் இவன் சாவை எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பான்.

"பேனா சரியா எழுதலை தம்பி" என்றேன்.

"பென்சில்ல போட்ட மாரி கீது?"

அந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "டேய், அவருக்குக் கண்ணு சரியில்லடா. சோடாபுட்டி போட்டுகினு கீறாரு பாரு. புச்சா நேரா போட்டுத் தருவாரு. இன்னா சார், தருவ இல்ல?"

கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

நான் கிளம்பியதும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை கூடவே வந்தார். எனக்குள் ஒரே ஓர் ஆறுதல் இருந்தது, அதைச் சொல்லிவிடத் துடித்தேன். அவன் வேறு யாரோ பெற்ற பிள்ளை என்றால், அந்த நாற்பத்து நாலு வயது மாரடைப்புக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. எதைப் பார்த்து நடுங்குகிறானோ அது அவன் ரத்தத்திலேயே இல்லை.

"அம்மா, ஒரு விதத்துல அவனுக்கு இது நல்லதுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"அவரு புள்ளதான் சார்" என்றார்.

நின்றுவிட்டேன்.

"நான் பெக்கல. எட்டு நாள் கொயந்தையா தூக்கியாந்து என் கையில குட்த்தாரு. பெத்தவ ஜுரத்துல பூட்டா. நான் மூணு நாள் சோறு துண்ணல. நாலாம் நாள் இது அழுதுகினே இருந்திச்சி, தூக்கிட்டேன். அவ்ளோதான் சேதி."

என் ஆறுதல் அதோடு போயிற்று. பையன் பயந்தது சரி. அண்ணனுக்கும் அக்காவுக்கும் தகப்பனிடமிருந்து என்ன வந்திருக்கக்கூடுமோ அதெல்லாம் அவனுக்கும் வந்திருக்கக்கூடும். தாய் வழியில் என்ன வந்தது என்பது யாருக்குமே தெரியாது.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்மா?"

"அவரு பூட்டாரு. என் மாமியாரும் பூட்ச்சி. அப்ப வேற குப்பத்துல இருந்தோம், பெர்சுங்க ரெண்டும் வெவரம் தெரியாத வயசு. நான் ஒருத்தி. இப்ப நீ." கூடையைச் சரிசெய்துகொண்டார். "நேரா போட்டுக் குடு. பொய்யின்னா அந்தப் பாவத்த எம்மேல எய்திக்கோ."

களப்பணியாளர் ஜெராக்ஸ் எடுக்கும்போது புள்ளிகளைப் பார்த்திருப்பாரா, பார்த்தால் புரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அதை அந்த அம்மாவிடம் சொல்லவும் இல்லை. மூன்றாவதாக ஒருவர் இருக்கலாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. களப்பணியாளரிடம் இன்றுவரை கேட்டதும் இல்லை. கேட்டால் அதுவே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

கணினியில் உள்ள பதிவில் அவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் 'தரவு போதவில்லை' என்று எழுதினேன். முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது. ஆனால் சுவரில் மாட்டப்போகும் படம்? சதுரத்திலிருந்து இறங்கும் பாதி உண்மை. வட்டத்திலிருந்து வரும் பாதி?

மறுநாள் பையனே அடையாற்றுக்கு வந்துவிட்டான். மேசைக்குப் பக்கத்தில் நின்று, நான் வரைவதைக் குனிந்து பார்த்தான். அவன் மூச்சு என் காதில் பட்டது. ஸ்கேலை வைத்துக் கறுப்பு மையில் கோட்டை இழுத்தேன். கோடு மெல்லிசாக விழுந்தது.

"அழுத்திப் போடு சார்" என்றான்.

அழுத்திப் போட்டேன்.

"அப்ப எனக்கு ஒண்ணியும் இல்லியே?"

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு தவித்தது. சொல்லியிருந்தால் அவன் அப்புறம் எந்த டாக்டரிடமும் போகமாட்டான். "உங்க அண்ணனுக்கு என்னவோ அதேதான் உனக்கும்" என்றேன். "பீடியை விடு. ஆறு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் பாரு. மார்ல வலிச்சா வாயுன்னு சோடா குடிச்சிட்டுப் படுத்துக்காதே. நேரா ஆஸ்பத்திரி."

"அண்ணனுக்கும் இதேதான்னா அவன்தான் சார் மொதல்ல போவான். தடியன், தெனிக்கும் நாலு பாக்கெட்டு இழுக்கறான்." அன்றைக்குத்தான் அவன் சிரித்துப் பார்த்தேன். "நாளைக்கு போட்டுல ஏறலாமா?"

"ஏறலாம்."

படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். எங்கள் மாடிக்கு இருபத்திரண்டு படிகள். இரண்டிரண்டாகத் தாவி இறங்குவது கேட்டது. டேய், மெதுவாப் போடா என்று கத்த எழுந்துவிட்டேன். கத்தினால் மறுபடி பயந்துவிடுவான் என்று, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.