நேரம் காட்டாத கேம்

“இதிலை எந்தப் பொத்தானை அமத்தினால் நேரம் தெரியும்?” என்று மக்டலீன் மாமி கேட்டார்.

ஜேர்மனியிலிருந்து அவருடைய மகன் கனிசியஸ் அனுப்பிய, கையில் வைத்து விளையாடும் கேம் எங்கள் மேசையில் கிடந்தது. சாம்பல் நிறம், நல்ல கனம். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் மறுபடி புரட்டினேன்.

“இதிலை நேரம் பாக்கேலாது மாமி.”

“வடிவாப் பார் பிள்ளை. பழசிலை இருந்ததெல்லே.”

“பழசிலை ஒரு விளையாட்டுத்தான். இதிலை பின்பக்கத்துக் கட்டையை மாத்தி மாத்தி எத்தினையும் விளையாடலாம்.”

“நான் விளையாடவே கேட்டனான்? கேம் நிண்டுபோச்சு எண்டுதான் அவனுக்கு எழுதினனான்.”

“இதுக்கு நாலு பற்றறியும் வேணும்.”

“கொண்டுவந்த பொடியனிட்டை அதை வழியிலை ஆமிக்காரங்கள் பறிச்சுப்போட்டாங்கள்.”

“சைக்கிள் டைனமோவிலை ஓட்டலாமாம்.”

“ஓம், நான் மிதிக்கிறன். நீ விளையாடு.”

அவர் சிரிக்கவில்லை. கேமைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் வளவுக்கும் அவருடைய வளவுக்கும் இடையில் ஒரு தகர வேலிதான். கணவரைக் கடல் கொண்டுபோன பிறகு மாமிக்கு அப்பம்தான் சீவியம். மூன்று மணிக்கு எழும்பிச் சுட்டு, விடியமுன் கிறகோரியின் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுக்க வேண்டும்.

எண்பத்து நான்கில், கப்பலில் வேலை செய்த கனிசியஸ் உள்ளங்கை அளவில் ஒரு கேம் கொண்டுவந்தான். அதில் ஒரு குட்டி மனிதன் கூடையோடு ஓடி, விழுகிற பழங்களைப் பிடிப்பான். யாரும் விளையாடாத நேரத்தில் அது மணிக்கூடு. அப்போதும் அவன் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருப்பான். வைத்த நேரத்துக்குக் கீச்சிட்டு எழுப்புவான். மாமி ஒருநாளும் அதில் விளையாடியதில்லை. “இந்த வீட்டிலை என்னோடை நித்திரை முழிக்கிற ஆம்பிளை உவன் ஒருத்தன்தான்” என்பார்.

தொண்ணூறில் சண்டை மறுபடி மூள, அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. பொத்தான் அளவு பற்றறிகூட யாழ்ப்பாணத்துக்குள் வரவில்லை. இருந்த பற்றறி முடிய, குட்டி மனிதன் மெல்ல மெல்ல மங்கிக் கண்ணாடிக்குள் காணாமல் போனான்.

அதன்பிறகு மாமி இரண்டு முறை அயர்ந்துவிட்டார். இன்னொரு முறை பிந்தினால் வேறு ஆளிடம் அப்பம் எடுக்கப்போவதாகக் கிறகோரி சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் மாமி படுப்பதையே விட்டார். குசினிச் சுவரில் சாய்ந்து இருப்பார். சில நாள் சாமத்திலேயே சுட்டு முடித்துவிடுவார். ஆறிய அப்பத்துக்கும் கிறகோரியிடம் பேச்சுத்தான். கண்ணைச் சுற்றிக் கறுத்து, நின்றபடியே தூங்கி விழத் தொடங்கினார். புதிய கேம் வருகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்துதான் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

அன்று பெட்டியோடு படலை வரை போனவர் திரும்பி வந்தார்.

“பிள்ளை, உங்கடை வீட்டிலை சாவி குடுக்கிற மணிக்கூடு ஓடுதுதானே?”

“ஓம் மாமி.”

“சோதினைக்குப் படிக்க மூண்டு மணிக்கு எழும்புறனி எண்டு அம்மா சொன்னவ. எழும்பினவுடனை அந்தத் தகரத்திலை தட்டிவிடுவியே? ஒருக்காத் தட்டிப்போட்டுப் போகாதை. நான் சத்தம் குடுக்குமட்டும் தட்டு.”